தென்னாட்டின் தூண்

மும்பைக்கு வடக்கே, குஜராத் மாநிலத்தில் நவசாரி என்னும் ஊர் உள்ளது. எட்டாம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்டவர் அவனிஜனாச்ரய புலிகேசி. இவர், நரசிம்மவர்ம பல்லவரிடம் தோற்ற இரண்டாம் புலிகேசியின் பேரர்; வாதாபிச் சாளுக்கியப் பேரரசர் இரண்டாம் விக்கிரமாதித்தருக்கு அடங்கிய சிற்றரசர்.

கி.பி. 712இல் சிந்துவைக் கைப்பற்றிய அரேபியர், பின்னர்க் கட்ச், சௌராட்டிரம், கூர்ச்சரம் ஆகிய நாடுகளின் அரசர்களை வென்றனர். தக்காணத்துள் நுழைய எண்ணி நவசாரியை நெருங்கினர். வாதாபியோ வெகு தொலைவில் இருந்தது. எனினும் புலிகேசி அஞ்சவில்லை. கி.பி. 739ஆம் ஆண்டளவில் நடந்த கடும்போரில் அப்படையை முறியடித்தார். தக்காணத்தின் வாயில் காக்கப்பட்டது.

மகிழ்ந்த பேரரசர், தென்னாட்டின் தூண், பின்வாங்காதாரைப் பின்வாங்கச் செய்தவர் முதலிய பட்டங்களை அவருக்கு வழங்கினார். அவனிஜனாச்ரயர் என்னும் பெயருக்கு மண்ணுலக மக்களின் புகலிடம் என்பது பொருள். அப்பெயருக்கு ஏற்ப அவர் வாழ்ந்தார்.

சில ஆண்டுகளில் சாளுக்கியப் பேரரசு இராட்டிரகூடரிடம் வீழ்ந்தது. கொடை ஒன்றைப் பதிவுசெய்ய அவர் வெளியிட்ட நவசாரிச் செப்பேடே இன்று அவ்வெற்றிக்குச் சான்றாக நிற்கிறது.

சொற்பொருள்: பேரர் – மகனின் மகன்; புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்; செப்பேடு – எழுத்துப் பொறித்த செம்புத் தகடு.