பேராசிரியர் கிறிஸ்தியன் போர்

குழித்துறைப் பாலத்தை ஓடிக் கடந்து மூச்சிரைக்க நிற்குங்கால், உழைத்த தசைகளுக்கு இரத்தம் பிராணவாயுவை மிகுதியாய் ஈவது எங்ஙனம்? இதனை விளக்கியவர், அணுவியலறிஞர் நீல்ஸ் போரின் தந்தையாகிய கிறிஸ்தியன் போர் என்னும் பெரியார்.

1855-ம் ஆண்டு டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகனிற் பிறந்த இவர், அந்நகரச் சர்வகலாசாலையிலேயே உடலியற் பேராசிரியராய் விளங்கினார். 1904-ல் ஹாசல்பால்க், குரோக் என்பாருடன் இவர் வெளியிட்ட ஆராய்ச்சி, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம் பிராணவாயுவின் அழுத்தம் ஏற ஏற, முதலிற் சிறிதும் பின்னர்ப் பெரிதுமாக அவ்வாயுவைப் பற்றுமென்றும், கரியமிலவாயு மிக்கவிடத்து அதனை எளிதில் விடுமென்றும் காட்டிற்று. அப்புரதம் ஒன்று, பிராணவாயு மூலக்கூறுகள் நான்கை ஏற்கவல்லது; ஒன்று பற்றியபின் மற்றவை எளிதிற் பற்றும் என்பதைப் பின்வந்தோர் தெளிந்தனர்.

ஆயினும், நுரையீரல் பிராணவாயுவைத் தானே சுரந்து இரத்தத்துட் செலுத்துமென இவர் கொண்ட கொள்கை பிழைபட்டது. 1910-ல் அதனை அளந்து மறுத்தவர், இவர்தம் மாணாக்கராகிய குரோக்கே! மறு ஆண்டிற் போர் காலமானார். கரியமிலவாயுவைப்பற்றிய உண்மையோ இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆசிரியர் கற்பித்த அளவைகொண்டே ஆசிரியர் கூற்றையும் ஆராய்தல் குருநிந்தை ஆகாது என்பதை மாணவராகிய நாம் உணரக்கடவோம்.