வைரக் கடுக்கன் முதல் ஜெயில் வரை: எம்.கே.டி.யை விட்டு கூட்டம் விலகியது ஏன்?

கையில் காசு வந்தா ஊரே உறவு. காசு போனா? தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் தியாகராஜ பாகவதர் ரெண்டையும் பார்த்தவர்.

யார் இந்த எம்.கே.டி.?

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது திருச்சியில். நாடகங்களில் பாடி நடித்தவர், 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமா ஹீரோ ஆனார்.

மரியாதை எப்படி மாறுச்சு?

1937-ல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' இரண்டும் பெரிய ஹிட். அடுத்தவர்களுக்கு நகை செய்யும் வீட்டுப் பிள்ளை, வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பாவோடு வலம் வந்தார். இளைஞர்கள் அவரைப் போலவே முடி வளர்த்தார்கள். அதுக்குப் பேரே 'பாகவதர் கிராப்'. தயாரிப்பாளர்கள் அட்வான்ஸோடு வந்து நின்றார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளி கண்டது.

ஒரே வழக்கு, எல்லாம் தலைகீழ்

அதே ஆண்டு நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை செய்யப்பட்டார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். தண்டனையும் கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை ஆனார்கள். இதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. ஒப்பந்தமான படங்கள் கைமாறின. 'உதயணன் வாசவதத்தா'வில் அவருக்குப் பதில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார்.

ஜெயில்தான் காரணமா?

அது மட்டும் இல்லை. அதே ஜெயிலில் இருந்து வந்த என்.எஸ்.கே., மீண்டும் ஜெயித்தார். பாகவதர் சொந்தமாக எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் தோற்றது. பாட்டை நம்பிய படங்களின் காலம் போய், வசனத்தை நம்பிய படங்கள் வந்துவிட்டன. வரவு குறைந்தது, ஜொலிப்பு மங்கியது. அட்வான்ஸோடு வந்தவர்கள் புது நட்சத்திரங்களைத் தேடிப் போனார்கள். கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது கச்சேரி மேடைதான்.

1959 நவம்பர் 1-ல் சென்னை அரசு மருத்துவமனையில் காலமானார். வயசு 49 தான். இன்று திருச்சியில் அவருக்கு அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. ஆனா அந்த மரியாதை அவருக்கு ரொம்பத் தேவைப்பட்டது, 1947-ல் ஜெயில் கதவு திறந்த பிறகுதான்.