கதவைத் தட்டிய அழைப்பு

நுழையும்முன்

அன்பு நெஞ்சில் தோன்றி அங்கேயே நின்றுவிட்டால் அதனால் பிறர்க்குப் பயனில்லை. உண்மையான அன்பு தன்னை உடையவரிடம் உழைப்பைக் கேட்கும். சில வேளைகளில், அவர் அரிதாகப் போற்றி வைத்திருந்ததையே விட்டுக்கொடுக்கவும் கேட்கும். கிறித்துவின்மீது கொண்ட அன்பு ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வாறு வழிநடத்தியது என்பதை மருத்துவர் ஐடா ஸ்கடரின் வரலாறு காட்டுகிறது.

வேண்டாம் என விலகிய வழி

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819இல் மருத்துவத் தொண்டுக்காக அமெரிக்காவை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டவர். பாட்டனாரின் வழியில் தந்தையாரும் தமிழகத்தில் மருத்துவராகவும் சமயத் தொண்டராகவும் பணியாற்றினார். அக்குடும்பத்தில் தொண்டு ஒரு மரபாகவே வேரூன்றியிருந்தது.

ஆனால், ஐடாவின் இளநெஞ்சம் அம்மரபை ஏற்கவில்லை. தாது வருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளை அவர் தம் சிறுவயதிலேயே கண்டார். பின்னர்க் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். பெற்றோர் பணியின்பொருட்டு இந்தியாவுக்குத் திரும்ப, உறவினர் வீட்டில் தனித்து விடப்பட்ட துயரையும் அறிந்தார். பஞ்சமும் பிரிவும் நிறைந்த வாழ்வு தமக்கு வேண்டாம் என முடிவு செய்தார். அமெரிக்காவில் மணம் புரிந்து, இனிய இல்லறம் நடத்துவதே அவருடைய விருப்பமாயிற்று.

திண்டிவனத்தில் ஓரிரவு

தாயாரின் உடல்நலம் குன்றியதால், 1890இல் ஐடா திண்டிவனத்திற்கு வந்தார். சிறிது காலம் உடனிருந்து துணைபுரிந்தபின் அமெரிக்கா திரும்புவதே அவருடைய எண்ணம். அங்கே ஓரிரவு, அந்தணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பேறுகால வேதனையில் தவிக்கும் தம் இளம் மனைவியைக் காக்க வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதை வழக்கம் ஏற்காது எனக் கூறி, அவர் வருந்தித் திரும்பினார். அதே இரவில் இசுலாமியர் ஒருவரும், அவரையடுத்து மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்தனர். அதே விடையோடு திரும்பினர்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் சாப்பறை ஒலித்தது. அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அவர்களைக் கொன்றது நோய் மட்டுமன்று, தொட்டு மருத்துவம் பார்க்க ஒரு பெண் மருத்துவர் இல்லாத குறையுமே என்பதை அவர் உணர்ந்தார். தாம் நம்பும் கிறித்துவே அம்மூவரின் வழியாகத் தம்மை அழைத்தார் என்று எண்ணினார். நெடுநேரம் இறைவனிடம் வேண்டிய பின்னர்ப் பெற்றோரிடம் சென்று, மருத்துவம் பயின்று திரும்பப் போவதாகத் தெரிவித்தார். மணவாழ்வைப் பற்றிய கனவு அன்றோடு முடிந்தது. வாழ்நாள் முழுதும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

ஓர் அறையில் தொடங்கிய பணி

ஐடா முதலில் பிலடெல்பியாவிலும், பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்ட நிதி திரட்டிக்கொண்டு 1900இல் வேலூர் வந்தார். யாரிடம் தொழில் நுணுக்கம் கற்கலாம் என நம்பி வந்தாரோ, அத்தந்தையார் அவ்வாண்டிலேயே மறைந்தார். ஐடா தளரவில்லை, வீட்டின் சிற்றறை ஒன்றிலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் செய்யத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் அவரை நாடி வந்தனர். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

நகருக்கு வர இயலாதோரை அவரே நாடிச் சென்றார். மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலை வழியே சென்று, மரநிழல்களில் காத்திருந்த சிற்றூர் மக்களுக்கு மருந்தளித்தார்.

பிறரை உருவாக்கிய பெருமை

தம் இரு கைகள் மட்டும் போதா என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் எனக் கருதி, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மருத்துவம் பயிலப் பெண்கள் முன்வருவார்களா என அதிகாரிகளே ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151. முதலாண்டுத் தேர்வை எழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்று, அந்த ஐயத்தைப் போக்கினர்.

விட்டுக்கொடுத்த அன்பு

ஐடாவின் வாழ்வில் மற்றொரு சோதனை அவருடைய முதுமையில் வந்தது. மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டக் கல்வி தரும் கல்லூரிகளாக உயர வேண்டும் என அரசு 1938இல் விதித்தது. உயராவிடில் பள்ளி மூடப்படும் நிலை. பேராசிரியர்களும் கருவிகளும் பெருநிதியும் தேவைப்பட்டன. எழுபது வயதைக் கடந்த ஐடா, உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார்.

ஆடவர்க்கும் இடமளித்தால் பல திருச்சபைகளின் துணை கிட்டும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்காகவே நிதி அளித்துவந்த நெடுநாள் நண்பர்கள் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களின் கண்ணீரைத் துடைக்கவே தொடங்கிய நிறுவனத்தை மாற்றுவது ஐடாவுக்கும் எளிதான முடிவன்று. எனினும், இப்பணி தமக்கு உரியதன்று, கிறித்துவுக்கு உரியது எனத் தெளிந்து மாற்றத்தை ஏற்றார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். அன்று ஓரிரவில் தம் கனவை விட்டுக்கொடுத்தவர், இன்று தாம் வளர்த்த நிறுவனத்தின் வடிவத்தையே விட்டுக்கொடுத்தார்.

பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஐடா, 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். ஒற்றை அறையில் தொடங்கிய அவருடைய தொண்டு இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக உலகப் புகழ் பெற்று விளங்குகிறது. அன்று மூன்று முறை தட்டியும் திறக்க இயலாமற்போன ஒரு கதவு, இன்று எல்லோர்க்கும் திறந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. மருத்துவம் செய்ய ஐடாவின் தந்தையார் இருந்தும் அம்மூன்று பெண்களைக் காக்க இயலாமற்போனது ஏன்? வகுப்பில் கலந்துரையாடுக.
2. ஐடா தம் வாழ்வில் விட்டுக்கொடுத்தவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் மிகக் கடினமானது எது என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் பகுதியில் பிறர்க்காக உழைக்கும் ஒருவரைச் சந்தித்து, அவரை அப்பணிக்கு ஈர்த்தது எது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.