ரத்தாகாத தீர்ப்பு: கார்ல் வொன் ஒசியெட்ஸ்கியின் வாழ்க்கை

1931 நவம்பர் 23ஆம் திகதி, ஜேர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த உச்ச நீதிமன்றம் ஒரு சஞ்சிகை ஆசிரியருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் ஆயுதம் தூக்கியவர் அல்ல. யாரையும் கொல்லும்படி எழுதியவரும் அல்ல. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஒப்பந்தத்தை மீறி, ஜேர்மன் இராணுவம் இரகசியமாக விமானப்படை ஒன்றை உருவாக்கி வருகிறது என்ற கட்டுரையை அவர் தனது சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார். கட்டுரை பொய் என்பதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. அது வெளியே வரக்கூடாத உண்மை என்பதற்காகவே தண்டிக்கப்பட்டார்.

அதே நாட்டில், ஏழரை வருடங்களுக்கு முன்னர், மியூனிக் நகரில் இன்னொரு வழக்கு நடந்தது. 1923 நவம்பரில் ஆயுதக் கும்பலுடன் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற ஒருவர் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றார். அந்த முயற்சியில் நான்கு பொலிஸார் உயிரிழந்திருந்தனர். நீதிபதி அவரை மணிக்கணக்காகப் பேச அனுமதித்தார். பத்திரிகைகள் அந்தப் பேச்சுகளை நாடெங்கும் கொண்டுசென்றன. ஐந்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பு வந்து ஒன்பது மாதம் நிறைவதற்குள் அவர் விடுதலையானார். அவர் ஒஸ்ரியப் பிரஜை. இத்தகைய குற்றத்துக்காக வெளிநாட்டவரை நாடுகடத்தவேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆனால் உள்ளத்தால் ஜேர்மனியர் என்று கருதத்தக்க ஒருவருக்கு அந்த விதி பொருந்தாது என்று நீதிமன்றம் முடிவெடுத்தது. சிறையில் இருந்தபடியே அவர் ஒரு புத்தகத்தையும் எழுதத் தொடங்கினார்.

அந்த மனிதர் அடொல்ப் ஹிட்லர். 1931இல் தண்டிக்கப்பட்ட ஆசிரியர் கார்ல் வொன் ஒசியெட்ஸ்கி. இந்த இரண்டு தீர்ப்புகளையும் வழங்கியவை நாஜி நீதிமன்றங்கள் அல்ல. பேச்சுச் சுதந்திரத்தை அரசியலமைப்பில் எழுதிவைத்திருந்த ஒரு குடியரசின் நீதிமன்றங்கள்.

காணிப் பதிவகத்தின் எழுதுவினைஞர்

1889 ஒக்டோபர் 3ஆம் திகதி துறைமுக நகரமான ஹம்பேர்க்கில் ஒசியெட்ஸ்கி பிறந்தார். பெயரில் இருக்கும் வொன் என்பது பிரபுக் குடும்பத்தின் அடையாளம் போலத் தோன்றினாலும் வீட்டில் செல்வம் இருக்கவில்லை. தந்தை ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர். மகனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவர் இறந்துபோனார். தாய் பின்னர் மணந்துகொண்டவர் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அரசியல் பேச்சு அந்த வீட்டுக்குள் அப்படித்தான் வந்தது.

பள்ளிப் படிப்பை அவர் ஒழுங்காக முடிக்கவில்லை. நீதித்துறை நிர்வாகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பின்னர் காணிப் பதிவகத்தில் வேலை செய்தார். மாலை நேரங்களில் வாசித்தார், கூட்டங்களுக்குப் போனார், எழுதினார். 1913இல் இராணுவத்துக்குச் சார்பான ஒரு தீர்ப்பை விமர்சித்து எழுதியமைக்காக முதன்முறையாக நீதிமன்றம் ஏறி, அபராதம் செலுத்தவேண்டி வந்தது. அதே வருடம் மோட் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் அந்த இருவரின் நாடுகளும் ஒன்றோடொன்று போருக்குப் போயின.

1916இல் அவர் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவர் போரை எதிர்ப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். சமாதானம் பற்றி அவர் எழுதியவை படித்துப் பெற்றவை மட்டுமல்ல. பதுங்குகுழியில் இருந்தவருக்குத் தெரிந்த விடயங்கள் அவற்றில் இருந்தன.

பெர்லினுக்குக் குடிபெயர்ந்து ஜேர்மன் சமாதானச் சங்கத்தின் செயலாளராகச் சிறிது காலம் பணியாற்றிய பின்னர் முழுநேர ஊடகவியலாளரானார். 1926இல் டீ வெல்ற்பூனே என்ற வாரச் சஞ்சிகையில் சேர்ந்தார். அதன் நிறுவுநர் சிக்பிரீட் யாக்கோப்சொன் அந்த வருட இறுதியில் இறந்தார். எழுத்தாளர் கூர்ற் டுகோல்ஸ்கி சில காலம் பொறுப்பாக இருந்தார். 1927இல் ஆசிரியர் பொறுப்பு ஒசியெட்ஸ்கியிடம் வந்தது. விற்பனை உச்சத்தில் இருந்தபோதும் 15,000 பிரதிகள் அளவுதான். ஆனால் அமைச்சுகளிலும் இராணுவத் தலைமையகத்திலும் அதை வாசித்தார்கள்.

இரண்டு தராசுகள்

அந்தக் குடியரசின் நீதியை எண்களாக்கிக் காட்டியவர் எமில் கும்பெல் என்ற கணிதவியலாளர். போர் முடிந்த பின்னரான நான்கு வருட அரசியல் கொலைகளை அவர் ஒவ்வொன்றாகத் திரட்டி, 1922இல் புத்தகமாக வெளியிட்டார். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றில் 326 தண்டனையே இன்றிப் போயின. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றில் 17 கடுமையாகத் தண்டிக்கப்பட்டன. சராசரித் தண்டனை வலதுசாரிக் கொலைக்கு நான்கு மாதம், இடதுசாரிக் கொலைக்கு 15 வருடம். நீதிபதிகளில் பெரும்பாலானோர் மன்னராட்சிக் காலத்தில் நியமனம் பெற்றவர்கள். ஆட்சி மாறியது, கதிரைகளில் இருந்தவர்கள் மாறவில்லை.

இந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்த இரகசிய ஆயுதக் குழுக்களையும், அவற்றுக்கும் இராணுவத்துக்கும் இருந்த தொடர்பையும் வெல்ற்பூனே தொடர்ந்து எழுதியது. அதற்காகவும் ஒசியெட்ஸ்கி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கொலையாளிகளைக் காட்டிலும் கொலையைப் பற்றி எழுதியவர்களைக் கண்டுபிடிப்பது அரசுக்குச் சுலபமாக இருந்தது.

ஹிட்லரின் வாயை அடைத்தபடியால்தான் அவர் வளர்ந்தார் என்று இன்று சிலர் சொல்வதுண்டு. தாராளமாகப் பேச விட்டபடியால்தான் வளர்ந்தார் என்று வேறு சிலர் சொல்வதுண்டு. இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். 1925 முதல் பவேரியாவிலும் பிரஷ்யாவிலும் பொதுக்கூட்டங்களில் பேச அவருக்குத் தடை இருந்தது. 1928க்குள் இரண்டு தடைகளும் நீங்கின. குடியரசைப் பாதுகாப்பதற்கென்றே 1922இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆகவே சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதைவிட, பேசுபவர் நம்மவரா என்பதே அதிகம் எடைபோடப்பட்டது. யூதர்களை அழிக்கவேண்டும் என்ற கூச்சல் நாட்டுப்பற்றின் மிகையாகப் பார்க்கப்பட்டது. இராணுவம் சட்டத்தை மீறுகிறது என்ற தகவல் நாட்டுக்குச் செய்த துரோகமாகப் பார்க்கப்பட்டது.

விமானங்கள் பற்றிய கட்டுரை

1929 மார்ச் 12ஆம் திகதி வெல்ற்பூனேயில் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் வால்டர் கிறைசர் என்ற விமான வடிவமைப்பாளர், புனைபெயரில் எழுதியிருந்தார். அவர் சொன்னவற்றில் ஒரு பகுதி பாராளுமன்ற வரவுசெலவுக் குழுவில் ஏற்கனவே பேசப்பட்டது. வழக்கு இரண்டரை வருடம் இழுபட்டு, மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டது. எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதைக்கூட வெளியே விளக்கிச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

கிறைசர் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். ஒசியெட்ஸ்கிக்கும் கடவுச்சீட்டு இருந்தது, அவகாசமும் இருந்தது. நண்பர்கள் போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். எல்லையைத் தாண்டியவரின் குரல் உள்ளே இருப்பவர்களுக்கு வெறுமையாகக் கேட்கும் என்பது அவருடைய எண்ணம். கருணை மனுவில் 40,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர், பலன் கிடைக்கவில்லை. 1932 மே 10ஆம் திகதி நண்பர்கள் சூழ பெர்லினின் டேகல் சிறைக்குச் சென்று ஒப்படைந்தார்.

அவர் உள்ளே இருந்த அந்த ஓகஸ்ட் மாதம், பொடெம்பா என்ற கிராமத்தில் நாஜி அதிரடிப் படையினர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றார்கள். ஐந்து பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஹிட்லர் அந்த ஐவருக்கும் பகிரங்கமாக ஆதரவுத் தந்தி அனுப்பினார். சில நாட்களிலேயே அரசாங்கம் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. அடுத்த வருடம் அவர்கள் விடுதலையானார்கள். ஓர் ஆசிரியருக்குக் கிடைக்காத கருணை அவர்களுக்குக் கிடைத்தது.

நீதிமன்றங்கள் எப்போதும் ஒரேமாதிரி நடந்தன என்றும் சொல்லமுடியாது. போர்வீரர்களைக் கொலைகாரர் என்று டுகோல்ஸ்கி எழுதிய ஒரு வரிக்காக, சஞ்சிகையின் பொறுப்பாளரான ஒசியெட்ஸ்கி மீது வழக்குப் போடப்பட்டது. 1932 ஜூலையில் பெர்லின் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரிடமும் பிழைகள் இருந்தன. சமூக ஜனநாயகக் கட்சியினரைச் சில வேளைகளில் எதிரிகளைக் காட்டிலும் கடுமையாகச் சாடினார். குடியரசைக் காக்க முடிந்த சிலரையும் அந்தப் பேனா காயப்படுத்தியது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பிழைகளுக்காக யாரும் அவரைத் தண்டிக்கவில்லை.

வதைமுகாமும் பரிசும்

1932 டிசெம்பரில் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஐந்து வாரத்தில் ஹிட்லர் பிரதமரானார். 1933 பெப்ரவரி 27ஆம் திகதி இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. விடியும் முன்பே பொலிஸார் ஒசியெட்ஸ்கியின் கதவைத் தட்டினார்கள். அன்று வெளியான அவசரகால ஆணை பேச்சு, எழுத்து, ஒன்றுகூடல் உரிமைகள் அனைத்தையும் இடைநிறுத்தியது. அந்த ஆணைக்குச் சட்ட அடிப்படையாக இருந்தது குடியரசின் அரசியலமைப்பிலேயே இருந்த ஒரு சரத்து. தற்காலிகம் எனச் சொல்லப்பட்ட அது 12 வருடங்கள் நீடித்தது.

டேகல் சிறைக்குள் அவர் நடந்துபோன நாளிலிருந்து சரியாக ஒரு வருடத்தில், 1933 மே 10 அன்று, பெர்லினில் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. டுகோல்ஸ்கியின் பெயரோடு ஒசியெட்ஸ்கியின் பெயரையும் கூவியபடி மாணவர்கள் அவற்றை நெருப்பில் எறிந்தார்கள். அவர் அப்போது சொனென்பேர்க் முகாமில் அடிவாங்கிக்கொண்டிருந்தார். பின்னர் எஸ்டர்வேகன் முகாமுக்கு மாற்றப்பட்டு சதுப்பு நிலத்தில் மண்வெட்டும் வேலைக்கு விடப்பட்டார். மகள் ரோசலிண்டே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டாள். மோட் தனியே காத்திருந்தார். சிறை வாசலில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பை விளக்கத் தேவையில்லை.

1935 இலையுதிர் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி ஒருவர் அவரைச் சந்தித்தார். நடுங்கும் உடல், வீங்கிய கண், உடைந்த பற்கள், சரியாகப் பொருந்தாத முறிந்த கால். அவர் கண்டது அதைத்தான்.

வெளியே போனவர்களின் குரலுக்கு வலுவில்லை என்று நினைத்த அவரை உலகுக்கு நினைவூட்டியவர்கள் வெளியே போனவர்களே. பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்த அகதிகள் அவருக்குச் சமாதான நோபல் பரிசு கேட்டு இயக்கம் நடத்தினார்கள். பிற்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் பிரதமரான வில்லி பிராண்ட், நோர்வேயில் அகதியாக இருந்த இளைஞராக அதில் உழைத்தார். ஐன்ஸ்டைனும் தோமஸ் மானும் ஆதரித்தனர்.

எதிர்ப்பும் வந்தது. நோர்வேயின் புகழ்பெற்ற எழுத்தாளரும் நோபல் பரிசு பெற்றவருமான க்னுட் ஹம்சுன், ஒசியெட்ஸ்கி வேண்டுமென்றே சிறைக்குப் போனவர் என்று பத்திரிகையில் தாக்கி எழுதினார். ஒரு சுதந்திர நாட்டின் பேச்சுரிமையைப் பயன்படுத்தி, பதில் சொல்ல வாயில்லாத கைதியை அவர் தாக்கினார். நோர்வே எழுத்தாளர்கள் 33 பேர் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர். பிற்பாடு ஹம்சுன் தன் நோபல் பதக்கத்தை நாஜிப் பிரசார அமைச்சர் கொயபெல்ஸுக்கே கொடுத்தார்.

1936 நவம்பரில், 1935ஆம் ஆண்டுக்கான பரிசு ஒசியெட்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் காசநோயால் பெர்லின் வைத்தியசாலையில் காவலில் இருந்தார். பரிசை மறுக்கும்படி கோரிங் நேரடியாக வற்புறுத்தினார். ஒசியெட்ஸ்கி ஏற்றுக்கொண்டார். ஒஸ்லோ செல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஜேர்மனியர் எவரும் இனி நோபல் பரிசு பெறக்கூடாது என்று ஹிட்லர் ஆணையிட்டார். பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை ஒரு சட்டத்தரணி மோசடி செய்தார். 1938 மே 4ஆம் திகதி, 48ஆவது வயதில், கண்காணிப்பின் கீழேயே ஒசியெட்ஸ்கி உயிர் நீத்தார்.

பின்கதை

ஹம்பேர்க்கின் அரச, பல்கலைக்கழக நூலகம் இன்று அவருடைய பெயரில் இருக்கிறது. ஓல்டன்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டவேண்டும் என்று 1970களில் மாணவர்கள் கோரியபோது மாநில அரசு மறுத்தது. கட்டடத்தில் பொருத்திய எழுத்துகளைப் பொலிஸ் காவலோடு கழற்றினார்கள். 1991இல்தான் பெயர் சட்டபூர்வமானது.

தந்தையின் 1931ஆம் ஆண்டு வழக்கை மீள விசாரிக்கும்படி ரோசலிண்டே கேட்டார். பெர்லின் நீதிமன்றம் மறுத்தது. 1992 டிசெம்பரில் ஜேர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன்வைக்கப்பட்டவை வழக்கைத் திறக்கப் போதுமான புதிய ஆதாரங்கள் அல்ல. அரசின் சட்டவிரோத இரகசியமும் இரகசியமே என்பது அன்றைய நீதிமன்றத்தின் சட்ட விளக்கம் என்பது அதன் நிலைப்பாடு.

1998இல் நாஜிக் கால அநீதித் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்துச்செய்யும் சட்டம் வந்தது. அது 1933 ஜனவரி 30க்குப் பிந்திய தீர்ப்புகளுக்கு மட்டுமே உரியது. ஒசியெட்ஸ்கியைத் தண்டித்தது அதற்கு முந்திய ஜனநாயகக் குடியரசு. ஆகவே அந்தத் தீர்ப்பு இன்றும் ரத்தாகாமல் இருக்கிறது.