புயலுக்குப் பெயர் வைத்தவர்

2021 டிசம்பர் 18. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தபோது, நானும் அம்மாவும் குளிர்சாதனப் பெட்டியை மேசைமேல் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தோம். அப்போது நான் படிவம் நான்கு மாணவன். தென்சீனக் கடலில் உருவாகி, பகாங் கரையைத் தொட்ட ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் அந்த மழையைக் கொண்டுவந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்குப் புயல் எங்கே வரப்போகிறது என்று நினைத்திருந்தேன். 2001 டிசம்பர் 27-இல் வாமேய் புயல் ஜொகூரில் கரை கடந்ததுகூட எனக்குத் தெரியாது.

அதன்பின் புயல் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் ஹென்றி பிடிங்டனைக் கண்டேன். 'சைக்லோன்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர். பாம்பு சுருண்டிருப்பதுபோல் காற்று சுழல்வதால், கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தார்.

1797-இல் இங்கிலாந்தில் பிறந்த பிடிங்டன், வணிகக் கப்பல்களில் பணியாற்றியபின் கல்கத்தாவில் தங்கிவிட்டார். பின்னாளில் அங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குத் தலைவரானார். செயற்கைக்கோளும் தந்தியும் இல்லாத காலம். அவரிடம் இருந்தவை கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகள் மட்டுமே. எந்த மணிக்குக் காற்று எத்திசையில் வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொரு கப்பலின் பதிவையும் வாங்கி, வரைபடத்தில் குறித்து ஒப்பிட்டார். 1845-இல் மொரிசியஸ் அருகே 'சார்ல்ஸ் ஹெடல்' என்ற கப்பல் ஒரே புயலுக்குள் நாள்கணக்கில் வட்டமடித்தது. புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1848-இல் மாலுமிகளுக்காக ஒரு புயல் கையேட்டை வெளியிட்டார். அதனுடன் ஒளி ஊடுருவும் அட்டைகளும் வந்தன. வட்டமும் அம்புக்குறிகளும் வரைந்த அந்த அட்டையை வரைபடத்தின்மேல் வைத்தால், புயலின் மையம் எந்தப் பக்கம், கப்பலை எங்கே திருப்பலாம் என்று மாலுமி தானே கண்டுகொள்வார். அக்காலத்துக் கைப்பேசிச் செயலி என்றே சொல்லலாம்!

ஆனால் என்னை உலுக்கியது அவர் எழுதிய ஒரு கடிதம். ஹூக்ளி ஆற்றில் மண் சேர்வதால், சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட ஆங்கிலேய அரசு திட்டமிட்டது. புயலில் காற்றைவிடக் கடல்நீரே அதிக உயிர்களைக் குடிக்கிறது என்பது பிடிங்டனுக்குத் தெரியும். 1789-இல் ஆந்திரக் கரையின் கோரிங்காவைப் பேரலைகள் அழித்த வரலாற்றையும் அவர் பதிவு செய்திருந்தார். எனவே 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதினார்: அந்த இடத்தில் ஒருநாள் புயல் அலை ஏறும், குடியிருப்போரும் கப்பல்களும் தப்ப முடியாது என்று. அரசு கேட்கவில்லை. 1858-இல் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். கேனிங் துறைமுகம் எழுந்தது, ரயில் பாதையும் போட்டார்கள். 1867 நவம்பர் முதல் தேதி, ஏறக்குறைய ஆறடி உயரப் புயல் அலை துறைமுகத்தைப் பாழாக்கியது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள்.

புயல் வரும் நாளில் பை கட்டி ஓடுவதைத்தான் நாம் முன்னேற்பாடு என்கிறோம். அவரோ, ஓர் ஊர் பிறப்பதற்கு முன்பே அதைக் காப்பாற்றப் பார்த்தார். ஏற்கெனவே தாழ்வான நிலத்தில் வீடு வாங்கிவிட்ட எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது என்றுதான் அவரைக் கேட்கத் தோன்றுகிறது.

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கடல் ஏறும் நேரத்தில் கிள்ளான் ஆற்று வெள்ளம் சீக்கிரம் வடியாது. அதனால் மழைக்காலம் வந்தால் அம்மா கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார். பிறப்புப் பத்திரங்களும் என் எஸ்பிஎம் சான்றிதழும் பிளாஸ்டிக் உறையில், அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் செங்கற்கள் வைத்திருக்கிறோம்.