கானகக் காவலர் ஜிம் கார்பெட்

நுழையும்முன்

புலியை வீழ்த்துவதே வீரம் எனப் போற்றப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் துப்பாக்கியுடன் காட்டிற்குள் சென்ற ஒருவர், புலிகளுக்காகப் பரிந்து பேசும் மனிதராகக் காட்டிலிருந்து வெளிவந்தார். தாயையும் தமக்கையையும் தம் வாழ்நாளெல்லாம் தாங்கிய அவர், அதே பரிவை ஏழை எளிய மக்களிடமும் காட்டுயிர்களிடமும் காட்டினார். அவருடைய வாழ்வை அறிவோம்.

ஏரிக்கரையில் இளமை

இமயமலைச் சாரலில் அமைந்த குமாவுன் பகுதியின் ஏரிநகரம் நைனிடால். இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள அந்நகரில் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் பிறந்தார். அயர்லாந்திலிருந்து இந்தியாவிற்கு வந்து தங்கிய குடும்பம் அவருடையது. தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் நைனிடாலின் அஞ்சலகத் தலைவர். தாய் மேரி ஜேன். 1881ஆம் ஆண்டு தந்தை இறந்தபோது ஜிம்முக்கு ஐந்து வயது. பிள்ளைகள் பலரைக் கொண்ட அக்குடும்பத்தின் சுமை தாயின் தோளில் விழுந்தது. கோடைக்கால வாசிகளுக்கு வீடுகளை வாடகைக்கு அமர்த்தித் தரும் தொழிலை மேற்கொண்டு, அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

குளிர்காலம் தொடங்கியதும் அக்குடும்பம் மலையடிவாரத்திலுள்ள காலாடுங்கி என்னும் ஊருக்கு இறங்கிவிடும். வீட்டை அடுத்தே காடு. அக்காடே சிறுவன் ஜிம்மின் பள்ளிக்கூடம். எட்டு வயதில் அவருக்கு ஒரு பழைய துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. இரு குழல்களுள் ஒன்று பிளந்துபோய், பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்த அதனைத் தோளில் சுமந்தபடி அவர் காடெங்கும் திரிந்தார். சுடுவதைவிடக் கேட்கவும் பார்க்கவும் மிகுதியாகக் கற்றார். புலியைக் கண்ட மான் எவ்வாறு குரல் கொடுக்கும், குரங்கு எதற்காக எச்சரிக்கும், ஈரமண்ணில் பதிந்த கால்தடம் எத்தனை மணிநேரத்திற்கு முற்பட்டது என்பவற்றையெல்லாம் நூலைப் படிப்பதுபோல் படித்தறிந்தார்.

கங்கைக்கரையில் உழைப்பு

குடும்பத்திற்குத் துணைநிற்க வேண்டிய கடமை அவரை மேற்படிப்புக்குச் செல்லவிடவில்லை. இருபது வயதுக்கு முன்பே வங்காள வடமேற்கு இரயில்வேயில் பணியில் சேர்ந்தார். பின்னர், பீகாரில் கங்கைக்கரையிலுள்ள மொகாமா காட் என்னும் இடத்தில், சரக்குகளை மாற்றி ஏற்றும் ஒப்பந்தப் பணியை ஏற்றார். அங்கு ஆற்றின் ஒருபுறம் அகல இரயில்பாதையும் மறுபுறம் மீட்டர் பாதையும் இருந்தன. ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் டன் சரக்கு முழுவதும் மனிதர்களின் தலையிலும் தோளிலுமே மாறவேண்டும். ஒப்பந்தக்காரர் என்று ஒதுங்கி நில்லாமல், கார்பெட்டும் தொழிலாளர்களோடு சேர்ந்து நிலக்கரி அள்ளினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு உழைத்தார். அவருடைய வருவாய் நைனிடாலில் இருந்த தாய்க்கும் தமக்கையர்க்கும் ஆதரவாயிற்று.

தம்முடன் உழைத்தோரின் துயரையும் அவர் தம்முடையதாகவே கருதினார். புத்து என்னும் தொழிலாளி, தம் பாட்டனார் வாங்கிய இரண்டு ரூபாய்க் கடனுக்காகப் பரம்பரை அடிமையைப்போல் வாழ்ந்துவந்தார். தலைமுறைகளைத் தாண்டி அக்கடன் நூறு ரூபாய்க்கும் மேலாக வளர்ந்திருந்தது. கார்பெட் அதனைத் தீர்த்து அவரை மீட்டார். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக, நிலைய அதிகாரி ராம் சரணுடன் சேர்ந்து ஒரு பள்ளியையும் தொடங்கினார். வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே வீட்டிற்குள் அமரக்கூடாது என்னும் தடை எழுந்தபோது, ராம் சரண் ஒரு வழி கண்டார். கட்டடத்தின் சுவர்கள் அகற்றப்பட்டன. கூரை மட்டும் எஞ்சிய கொட்டகையில் அமர்வதற்கு எத்தடையும் எழவில்லை. இருபது மாணவரோடு தொடங்கிய பள்ளி, இருநூறு மாணவர் பயிலும் பள்ளியாக வளர்ந்தது.

அச்சத்தை அகற்றியவர்

1907ஆம் ஆண்டு, சம்பாவத் பகுதியில் பெண்புலி ஒன்று மக்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அதற்கு இரையானோர் 436 பேர் என்று கணக்கிடப்பட்டது. அதனைக் கொல்லுமாறு அரசு அதிகாரிகள் கார்பெட்டை வேண்டினர். அவர் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். அப்புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத்தொகையை நீக்கவேண்டும். காட்டிலுள்ள பிற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்கவேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை.

பாலி என்னும் சிற்றூரை அவர் அடைந்தபோது, மக்கள் ஐந்து நாள்களாகக் கதவடைத்து வீட்டிற்குள்ளேயே கிடந்தனர். விளைந்த கோதுமை வயலில் அறுப்பாரின்றி நின்றது. கார்பெட் துப்பாக்கியுடன் காவல்நிற்க, மக்கள் வெளிவந்து கதிரறுத்தனர். புலியைத் தேடுவதற்கு முன்னரே அவர்களுடைய அச்சத்தைப் போக்கத் தொடங்கினார் எனலாம். பின்னர், சம்பாவத்தில் தாசில்தாரின் துணையோடு திரண்ட ஏறத்தாழ முந்நூறு ஊரார் மலைமுகட்டிலிருந்து ஒலியெழுப்பிப் புலியை வெளியேற்ற, கார்பெட் அதனை வீழ்த்தினார்.

வீழ்ந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டினால் நேர்ந்த சிதைவு அது. தன் இயல்பான இரையைக் கொல்ல இயலாத நிலையிலேயே அது மனிதரை நாடியது. பின்னர் அவர் வீழ்த்திய ஆட்கொல்லிகள் பலவற்றிலும் ஆறாத குண்டுக்காயங்களையோ ஆழப் பதிந்த முள்ளம்பன்றி முட்களையோ முதுமையின் தளர்ச்சியையோ கண்டார். மனிதர் புலியின் இயல்பான இரையல்லர் என்பதும், ஆட்கொல்லி உருவாவதில் மனிதரின் பிழைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதும் அவர் கண்டறிந்த உண்மைகள்.

கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய திருத்தலங்களுக்குச் செல்லும் வழியில் எட்டாண்டுகள் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை, 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் வீழ்த்தினார். அதற்காக, பயணிகள் தங்கும் கோலாப்ராய் என்னும் இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் இரவுகள் பலவற்றைத் தனியே கழித்தார். 1938ஆம் ஆண்டு தக் என்னும் ஊரின் பெண்புலியே அவர் வேட்டையாடிய இறுதி ஆட்கொல்லி. அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது.

இல்லமும் ஊரும்

கார்பெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1924ஆம் ஆண்டு தாய் இறக்கும்வரை அவரைப் பேணினார். தமக்கை மேகியோ வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணையாக விளங்கினார். காலாடுங்கி இல்லத்தின் தாழ்வாரத்தில் இருவரும் நோயுற்ற ஊரார்க்கு மருந்தளித்தனர். வழக்குகளைக் கேட்டுத் தீர்த்துவைத்தனர். 1915ஆம் ஆண்டு வாங்கிய சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரில் குடியானவர்களைக் குடியமர்த்தினார் கார்பெட். காட்டுப்பன்றிகளும் மான்களும் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதிலும் எழுப்பினார். விலங்குகளைக் கொல்லாமலே வேளாண்மையைக் காக்க அம்மதில் உதவியது.

துப்பாக்கியிலிருந்து நிழற்படக்கருவிக்கு

கார்பெட்டும் ஒருகாலத்தில் பொழுதுபோக்கிற்காக வேட்டையாடியவரே. உயர்பதவியில் இருந்த ஆங்கிலேயர்களின் வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவரே. ஆயினும், ஆண்டுகள் செல்லச்செல்ல அவர் மனம் மாறியது. காட்டில் புலிகளை நிழற்படம் எடுத்த வனத்துறை அதிகாரி சாம்பியனின் பணி அவரைக் கவர்ந்தது. காட்டு நீரோடை ஒன்றில் சிறு அணைகள் கட்டி நீரைச் சலசலத்து விழச்செய்தார். படக்கருவியின் ஒலி அந்நீரோசையில் மறைந்தது. அங்குப் பொறுமையுடன் காத்திருந்து ஏழு புலிகளைத் திரைச்சுருளில் பதிவுசெய்தார். பள்ளிகளுக்குச் சென்று, காட்டைக் காக்கும் தேவையை மாணவர்க்கு எடுத்துரைத்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான ஹெய்லி தேசியப் பூங்கா 1936ஆம் ஆண்டு உருவானதில் அவருக்கும் பங்குண்டு.

அவருடைய குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் 1944ஆம் ஆண்டு வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. அதன் தொடக்க வருவாயைப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களின் நலனுக்கு அளித்தார். 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'என் இந்தியா' என்னும் பொருள்படும் நூலை, தம் நண்பர்களான இந்திய ஏழை மக்களுக்கே உரித்தாக்கினார். புத்துவும் ராம் சரணும் அந்நூலின் வழியே இன்றும் வாழ்கின்றனர்.

பிரிவும் நிறைவும்

நாடு விடுதலை பெற்றபின், 1947ஆம் ஆண்டு நவம்பரில் கார்பெட் மேகியுடன் கென்யாவிற்குக் குடிபெயர்ந்தார். எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த மண்ணைப் பிரிவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. புறப்படும் முன், சோட்டி ஹல்த்வானி நிலத்தை அதில் உழுதவர்களுக்கே விட்டுச்சென்றார். கடல்கடந்து சென்ற பின்னும் அந்நிலத்திற்குரிய வரியைத் தாமே செலுத்திவந்தார். கென்யாவின் நியேரி நகரில் எழுத்திலும் காட்டுயிர்ப் பாதுகாப்பிலும் ஈடுபட்டிருந்த அவர், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார்.

அவர் உருவாகத் துணைநின்ற பூங்காவிற்கு 1957ஆம் ஆண்டு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1973ஆம் ஆண்டு இந்திய அரசின் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்குதான் தொடங்கியது. அவருடைய காலாடுங்கி இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. தாயையும் தமக்கையையும் காத்ததும், பாலி ஊராரின் அறுவடைக்குக் காவல்நின்றதும், புலிகளின் வாழ்வுக்காகக் குரல்கொடுத்ததும் அவரைப் பொறுத்தவரை ஒரே கடமையின் வெவ்வேறு வடிவங்களே. தம்மை நம்பியிருக்கும் உயிரைக் கைவிடாமையே அக்கடமை.