ஒவ்வாமைக்குப் பெயர் சூட்டிய மேதை

அறுவடைக் காலம் வந்தால் எங்கள் உறுவையாற்றில் எல்லார் வீட்டிலும் மகிழ்ச்சி; எங்கள் வீட்டில் மட்டும் அச்சம். களத்துத் தூசி பட்டதும் என் தங்கைக்குத் தும்மலும் இளைப்பும் தொடங்கிவிடும். மழைக்காலச் சளி சேர்ந்துகொண்டால் இரவெல்லாம் உறக்கமில்லை. மருத்துவர் அவள் முன்கையில் சில துளிகளை இட்டு மெல்லக் குத்திப் பார்த்தார். வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிக்குரிய இடம் மட்டும் கொசுக்கடிபோல் தடித்தது. இளைப்பு கட்டுக்குள் வந்தபின், அவ்வுண்ணியின் சாற்றையே சிறுகச் சிறுக ஊசியாகப் போடலாம் என்றார். ஆகாத பொருளையே பிள்ளை உடம்பில் ஏற்றுவதா என்று ஆயா கலங்கினார். அவருக்கு விடை தேடிக் கல்லூரி நூலகம் சென்ற எனக்கு ஒரு மாமனிதரின் வாழ்வு கிடைத்தது. அவரே கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே.

1874 மே 12 ஆம் நாள் வியன்னா நகரையடுத்த ஹிர்ஷ்டெட்டனில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். முதலில் இறையியலும் பின்னர் மெய்யியலும் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் மருத்துவத்தையே நாடியது. 1900 இல் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார்.

அந்நாளில் தொண்டை அடைப்பான் நோய் எண்ணற்ற பிஞ்சுயிர்களைப் பறித்து வந்தது. குதிரைக் குருதியிலிருந்து எடுத்த சீரம் அந்நோய்க்கு மருந்தாயிற்று. ஆனால் அதே சீரம் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் தடிப்பையும் தந்தது. இரண்டாம் முறை போடும்போது அவை இன்னும் விரைவில் தோன்றின. பிர்க்கேயும் அவர் தோழர் பேலா ஷிக்கும் இதனைப் பொறுமையுடன் குறித்து வைத்து, 1905 இல் நூலாக வெளியிட்டனர். ஒரு பொருளை முன்னரே சந்தித்த உடல், மறுமுறை வேறுவிதமாக எதிர்வினை புரிகிறது. காக்கும் ஆற்றலும் துன்புறுத்தும் ஆற்றலும் ஒரே வேரின் இரு கிளைகள்! இந்த மாறுபட்ட எதிர்வினைக்கே 1906 இல் அவர் 'அலர்ஜி' என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

1907 இல் அவர் காசநோயின்பால் கவனம் செலுத்தினார். குழந்தையின் தோலைச் சற்றே கீறி ட்யூபர்குலின் துளியிட்டால், காசக் கிருமி முன்பே உடலுள் புகுந்திருப்பின் அவ்விடம் தடிக்கும். நோயின் அறிகுறியே இல்லாத குழந்தைகள் பலரிடமும் கிருமி மறைந்திருப்பதை இது காட்டிற்று. தட்டம்மை கண்ட குழந்தைக்கு இத்தடிப்பு சில காலம் தோன்றாமற் போவதையும் அவர் கண்டறிந்தார். மறு ஆண்டே மாந்தூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் இச்சோதனையைச் செம்மைப்படுத்தினார்.

1911 இல் லண்டனில் லெனார்ட் நூன் என்பவர், புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியேற்றி, மகரந்த ஒவ்வாமையைத் தணிக்க முயன்று வழி கண்டார். என் தங்கைக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அவ்வழியில் வந்ததே.

பிர்க்கே அமெரிக்காவின் பால்டிமோரிலும், பின்னர் பிரெஸ்லாவிலும் பேராசிரியராக இருந்து, 1911 இல் வியன்னா திரும்பினார். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியக் குழந்தைகள் பசியால் வாடினர். அமெரிக்க உதவியுடன் அவர்களுக்கு உணவளிக்கும் பெரும்பணியை அவர் முன்னின்று நடத்தினார். பாலை அலகாகக் கொண்டு உணவின் சத்தைக் கணக்கிடும் முறையையும் வகுத்தார்.

இத்தகைய பெருந்தகை 1929 பிப்ரவரி 28 அன்று, 54 ஆம் வயதில், மனைவியுடன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று படித்தபோது என் கை நடுங்கியது. பிறர் வீட்டுக் குழந்தைகளின் துயரையெல்லாம் கண்டறிந்தவரின் உள்ளத்துயரை அருகிருந்து அறிந்து தடுக்க ஒருவரும் இல்லாமற் போயினரே!

இவ்வரலாற்றை ஆயாவுக்குச் சொன்னேன். ஊசி எல்லாச் சளியையும் தடுத்துவிடாது, ஒவ்வாமையை மட்டுமே தணிக்கும், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வில்லியனூர்ப் பேருந்தில் முதலில் ஏறியவர் ஆயாதான். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்றார்கள்; அவர் ஒருமணி நேரம் உட்கார வைத்துவிட்டார்!

ஓராண்டு கடந்துவிட்டது. சளி இன்னும் வருகிறது. இளைப்பு மட்டும் குறைந்திருக்கிறது. தோழர்களே, அஞ்சுவதற்கு முன் உற்று நோக்குங்கள்! அந்த மேதையின் வாழ்விலிருந்து நான் கற்றது அதுவே.